டீ நேரத்தில் தொடங்கிய அரை மணி நேர வழக்கு

பிப்ரவரி மாதத்தில் காலை 6:50க்கு லாரியிலிருந்து இறங்குகிறவர்களுக்குத் தெரியும், சிங்கப்பூர் வானம் அப்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். எங்கள் கட்டடப் பராமரிப்புக் குழுவில் அன்று டீ நேரத்தில் பேச்சு அதிலிருந்துதான் தொடங்கியது. "ஊர்ல ஆறரைக்கெல்லாம் பளபளன்னு விடிஞ்சிடும், இங்க ஏழு மணிக்கும் விளக்குப் போட்டுத்தான் படியேற வேண்டியிருக்கு" என்று ஒருவர் சொன்னார். உடனே எங்கள் மூத்த அண்ணன், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அறுபதைத் தாண்டியவர், "முன்னால இப்படி இல்ல தம்பி. அப்பல்லாம் ஊருக்கும் நமக்கும் ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம். நடுவுல அரை மணி நேரத்த முன்னால தள்ளிட்டாங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் என்பது வீட்டுக்குப் போன் பண்ணுகிற ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். பூமி சுற்றுவதை வைத்து வருகிற கணக்கு எப்படி மாறும் என்று கேட்டேன். அவர், "நான் சிதம்பரம் கப்பல்ல மெட்ராசுக்குப் போனவன்டா, கடிகாரத்த ரெண்டு மணி நேரம் பின்னால வச்சது எனக்குத் தெரியாதா?" என்றார். நான் போனை எடுத்துத் தேடிக் காட்டினேன். இரண்டரை மணி நேரம் என்று பெரிய எழுத்தில் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

இதன் பிறகு நடந்தவற்றில் எனக்குப் போனது 110 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஒரு சனிக்கிழமை, கிட்டத்தட்ட ஐந்து வார நிம்மதி. பணம் திரும்பி வந்துவிடும். மற்றதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் இழந்திருக்க மாட்டேன். வேலையிடத்தில் இந்த மாதிரி "நீ சொல்றது சரியா, நான் சொல்றது சரியா" விளையாட்டு தினமும் நடக்கிறது. அது எந்த இடத்தில் கெட்டுப்போகிறது, ஏன் கெட்டுப்போகிறது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் தவறு அந்த முதல் ஐந்து நிமிடத்திலேயே நடந்துவிட்டது. அவர் பேசியது பழைய காலத்தைப் பற்றி. நான் காட்டியது இன்றைய விடை. கைபேசியில் "இந்தியா சிங்கப்பூர் நேர வித்தியாசம்" என்று தேடினால் இந்த நிமிடத்துக்கு உரிய விடைதான் வரும். உலகக் கடிகாரச் செயலிகளும் அப்படித்தான். 1979இல் எப்படி இருந்தது என்று அதை நாம் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு அது விடை சொல்லாது. ஆனால் திரையில் பெரிதாக ஒரு எண் தெரிந்ததும் சுற்றியிருந்தவர்களுக்கு வழக்கு முடிந்துபோன மாதிரி ஆகிவிட்டது. எந்தத் தகராறிலும் போனை எடுப்பதற்கு முன்னால், தகராறு எதைப் பற்றி என்பதை ஒரே வரியில் ஒரு காகிதத்தில் எழுதிவிடுங்கள். அந்த வரியில் ஆண்டு இருக்க வேண்டும், இடம் இருக்க வேண்டும், என்ன அளவு என்பதும் இருக்க வேண்டும். "1980இல் சிங்கப்பூர்க் கடிகாரத்துக்கும் சென்னைக் கடிகாரத்துக்கும் எத்தனை மணி நேர வித்தியாசம்?" என்று எழுதியிருந்தால், நான் தேடியது அந்தக் கேள்விக்கான விடையே இல்லை என்பது எனக்கே தெரிந்திருக்கும். பெரும்பாலான வாய்ச்சண்டைகளில் இரண்டு பேரும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குச் சரியான விடை வைத்திருப்பார்கள். எழுதிப் பார்த்தால் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது தவறு பந்தயம். அன்று மாலை வாட்ஸ்அப் குழுவில், "அண்ணன் சொல்றது சரின்னா நம்ம பதினொரு பேருக்கும் மட்டன் பிரியாணி என் செலவு" என்று போட்டேன். குழுவில் 23 பேர் இருந்தார்கள். டீ மேசையில் ஆறு பேர் கேட்ட பேச்சு, வேறு கட்டடங்களில் வேலை செய்கிறவர்கள் வரைக்கும் போனது. பந்தயத்தின் அளவு பெரிதாக இருந்தால் தோற்கிறவர் ஒப்புக்கொள்வது கடினமாகிவிடும். ஒரு தே (டீ), ஒரு கோப்பி என்று வைத்தால், "சரி, நான் தப்பு" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். இரண்டு நாள் சம்பளத்துக்கு மேல் போகிற பந்தயம் வைத்துவிட்டு, தப்பு என்று தெரிந்தாலும் வாயைத் திறக்க மனசு வராது. எனக்கு அதுதான் நடந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022இல் நடைமுறைக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் நேரில் விளையாடுவதைத்தான் நிபந்தனைகளோடு விட்டுவைத்திருக்கிறது, இணையவழியில் செய்வதற்கு அந்த விலக்கு கிடையாது. ஆகவே குழுச் செய்தியில் பணம் வைத்துப் பந்தயம் கட்டுகிற பழக்கமே வேண்டாம். வேலை அனுமதியில் இருக்கிறவர்கள் இதில் இரட்டிப்பு கவனமாக இருக்க வேண்டும்.

மறுநாள் அவருக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது: "அரை மணி அண்ணன்". யார் முதலில் சொன்னது என்று இப்போது யாரும் ஒப்புக்கொள்வதில்லை. நான் சொல்லவில்லை, ஆனால் சிரித்தேன், இரண்டாவது நாள் நானும் கூப்பிட்டேன். மூன்றாவது நாள் அவருடைய போட்டோவில் ஒரு கடிகாரத்தை ஒட்டி யாரோ ஸ்டிக்கர் செய்தார்கள். அவர் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் ஸ்டிக்கர், சீக்கிரம் வந்தாலும் ஸ்டிக்கர். முதல் இரண்டு நாள் அவரும் திருப்பிக் கிண்டல் செய்தார். "பிரியாணிக்குக் காச எடுத்து வை தம்பி" என்பார். நாலாவது நாள் அவர் திருப்பிச் சொல்வது நின்றுபோனது. அந்த நாளைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். கிண்டல் இரண்டு பக்கமும் போய்வருகிற வரைக்கும்தான் அது விளையாட்டு. ஒருவர் வெறுமனே புன்னகைத்துவிட்டு எழுந்து போகத் தொடங்கினால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். அவர் "பரவாயில்ல" என்று சொல்வதை நம்பாதீர்கள். நம் ஆட்களில் வயதில் மூத்தவர்கள் சின்னவர்களிடம் "எனக்கு வருத்தமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

பட்டப்பெயர் ஏன் ஆபத்து என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒரு தகவலைப் பற்றிய வாக்குவாதத்துக்கு முடிவு உண்டு. விடை தெரிந்ததும் முடிந்துவிடும். பட்டப்பெயருக்கு முடிவு கிடையாது. அது ஆளோடு ஒட்டிக்கொள்கிறது. வாக்குவாதம் என்னவென்றே தெரியாதவர்களும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஸ்டிக்கரும் அப்படித்தான், செய்தவரே அழித்தாலும் மற்றவர்களின் போனில் இருக்கும். நாற்பது வருடம் வேலை செய்த ஒரு மனிதரை, புதிதாக வந்த இருபத்து மூன்று வயதுப் பையன் அப்படிக் கூப்பிட்டபோது நான் அங்கேதான் நின்றிருந்தேன். தடுக்கவில்லை. இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

இரண்டாவது வாரம் அவர் டீக்கு வருவதை நிறுத்தினார். குளிரூட்டி இயந்திர அறையிலேயே பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இதனால் வேலையில் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வேலையில் பாதித் தகவல் டீ நேரத்தில்தான் கைமாறும். "ஒன்பதாவது மாடியில பெல்ட் சத்தம் வருது", "அந்த ரூம் சாவி செக்யூரிட்டி ரூம்ல இருக்கு", "நாலாவது மாடி டிரெயின் பைப்புல பாசி கட்டுது, நாளைக்குப் பாத்துடு" என்று அவர் போகிறபோக்கில் சொல்வார். எழுதுவது பெயரளவுக்கு. பேச்சு நின்றதும் அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிவேட்டில் எழுதினார். நான் பழக்கதோஷத்தில் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. சிங்கப்பூர் ஈரப்பதத்தில் குளிரூட்டியின் வடிதட்டில் தண்ணீர் நிறையச் சேரும். அது வெளியேறுகிற குழாயில் வழவழப்பாகப் பாசி கட்டி அடைத்துக்கொண்டால் தட்டு நிரம்பி வழியும். வெள்ளிக்கிழமை இரவு நாலாவது மாடியில் அதுதான் நடந்தது. கூரைப் பலகை நாலு ஊறி விழுந்தன. சனிக்கிழமை ஏழு மணி நேரம் நின்று, குழாயை உறிஞ்சு இயந்திரம் வைத்து இழுத்து, தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்து, பலகைகளை மாற்றிக் கொடுத்தோம். பதிவேட்டில் புதன்கிழமைத் தேதியிட்டு அவருடைய கையெழுத்தில் தெளிவாக இருந்தது: "மாடி 4, வடிகுழாய் மெதுவாகப் போகிறது, சுத்தம் செய்யவும்." அவர் தன் கடமையைச் செய்திருந்தார்.

ஒரு குழுவில் கிண்டல் நடக்கிற காலத்தில், வாய்வார்த்தையாகக் கைமாறும் வேலைத் தகவல்தான் முதலில் அறுந்துபோகும். கோபத்தில் யாரும் வேண்டுமென்று மறைப்பதில்லை, பேசுகிற சந்தர்ப்பமே குறைந்துபோகிறது. ஆகவே பேச்சுவார்த்தை எப்படி இருந்தாலும் வேலை மாறும் நேரத்தில் பதிவேட்டை இருவரும் நின்று படித்துக் கையெழுத்துப் போடும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் இடத்தில் இப்போது அது நடக்கிறது. இரண்டு நிமிட வேலைதான்.

சனிக்கிழமை என்னோடு அந்தப் பலகைகளை மாற்றியவர் மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிற தம்பி. வேலையின் நடுவில், "அண்ணே, எங்க தாத்தாவும் இதத்தான் சொல்வாரு, ஒரு புது வருசத்துக்கு முந்தின ராத்திரி கடிகாரத்த அரை மணி நேரம் தள்ளி வச்சோம்னு" என்றான். எனக்கு வயிற்றில் ஏதோ கரைந்த மாதிரி இருந்தது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பெரியவர்கள், பாலத்துக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு, ஒரே மாதிரி ஒரு பொய்யான ஞாபகத்தை வைத்திருக்க வாய்ப்பில்லை.

அன்று இரவு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தேடினேன். இந்த முறை சரியான கேள்வியோடு. தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 1981ஆம் ஆண்டு நாளிதழ்களை வீட்டில் இருந்தபடியே படிக்கலாம். இதில் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வெறும் சொல்லைப் போட்டுத் தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து குழப்பும். முதலில் தேதி வரம்பைச் சுருக்குங்கள். நான் டிசம்பர் 1981 என்று வைத்தேன், ஏனென்றால் அண்ணன் 80, 81 என்று சொல்லியிருந்தார், தாத்தாவின் ஞாபகத்தில் புது வருடம் இருந்தது. பிறகு கடிகாரம், அரை மணி நேரம் என்ற பொருள் வரும் ஆங்கிலச் சொற்களை மாற்றி மாற்றிப் போடுங்கள். பழைய அச்சை இயந்திரம் படித்த எழுத்துகள் ஆங்காங்கே சிதைந்திருக்கும், ஒரு சொல்லில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும். தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேதி வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே எளிது.

நடந்தது இதுதான். 1981 டிசம்பர் 31 இரவு 11:30க்குச் சிங்கப்பூரின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டன. 11:30 நேராக நள்ளிரவு 12 ஆகி 1982 பிறந்தது. அதுவரை சிங்கப்பூர் கிரீன்விச் நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. அன்று முதல் எட்டு மணி நேரம். இந்தியா ஐந்தரையிலேயே இருந்தது. ஆகவே 1982க்கு முன் வித்தியாசம் இரண்டே மணி நேரம்தான். அண்ணன் சொன்னது சரி, கப்பலில் அவர் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் சரி.

பூமி சுற்றுவதை வைத்து வருகிற கணக்கு எப்படி மாறும் என்று நான் கேட்டதற்கும் விடை சொல்லியாக வேண்டும். அதில்தான் என் அறியாமை இருந்தது. சூரியனை வைத்துப் பார்த்தால் ஒரு பாகை தீர்க்கரேகைக்கு 4 நிமிடம். சென்னை ஏறத்தாழ 80.3 பாகை கிழக்கு, நாலால் பெருக்கினால் 5 மணி 21 நிமிடம். சிங்கப்பூர் ஏறத்தாழ 103.85 பாகை, அது 6 மணி 55 நிமிடம். இரண்டுக்கும் சூரியன் தருகிற உண்மையான வித்தியாசம் 1 மணி 34 நிமிடம்தான். இரண்டு மணி நேரமும் சூரியக் கணக்கு இல்லை, இரண்டரையும் இல்லை. கடிகாரத்தில் எதைக் காட்டுவது என்பது அந்தந்த அரசு எடுக்கிற முடிவு. சிங்கப்பூர் 1905இல் ஏழு மணி நேரத்தில் தொடங்கியது, 1933இல் 20 நிமிடம் கூட்டியது, 1941இல் ஏழரை ஆக்கியது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் பிடித்ததும் தோக்கியோ நேரத்துக்கு, அதாவது ஒன்பதுக்கு இழுக்கப்பட்டது. 1945 செப்டம்பரில் திரும்ப ஏழரைக்கு வந்தது. கடைசியாக 1982இல் எட்டு. இந்த வரிசையைப் படித்தபோது, "எப்படி மாறும்" என்று நான் அத்தனை உறுதியாகக் கேட்டது நினைவுக்கு வந்து மனசு கூசியது.

விடியல் ஏன் தாமதம் என்ற முதல் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. சிங்கப்பூரின் கடிகாரம் அதன் சூரியனைவிட ஒரு மணி ஐந்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. அதனால்தான் இங்கே உச்சி வெயில் சராசரியாகப் பகல் 1:05க்கு விழுகிறது. அதிலும் வருடம் முழுக்க ஒரே நேரம் இல்லை. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதாலும் சுற்றுப்பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் சூரியன் நவம்பர் தொடக்கத்தில் கால் மணி நேரம் முந்துகிறது, பிப்ரவரி நடுவில் அதே அளவு பிந்துகிறது. நவம்பர் தொடக்கத்தில் 6:46 வாக்கில் விடிகிற பொழுது பிப்ரவரி நடுவில் 7:16க்கு விடிகிறது. பகலின் நீளம் வருடம் முழுக்கப் பத்து நிமிடத்துக்குள்தான் மாறும், ஆனால் விடியல் அரை மணி நேரம் நகரும். 1982க்கு முன்னால் இதே பிப்ரவரி விடியல் கடிகாரத்தில் 6:46 என்று காட்டியிருக்கும். "முன்னால இப்படி இல்ல" என்று அண்ணன் சொன்ன அந்த முதல் வாக்கியம் முழு உண்மை.

இங்கே நான் செய்த மூன்றாவது தவறைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்துக்கு நேர்மை இருக்காது. வாதத்தின்போது அண்ணன் இன்னும் ஒன்றும் சொல்லியிருந்தார்: ஹாங்காங் பங்குச் சந்தை திறக்கிற நேரத்துக்கு ஒத்துப்போகத்தான் மாற்றினார்கள் என்று. நாளிதழ்களில் அப்படி இல்லை. தீபகற்ப மலேசியா, ஏற்கனவே எட்டு மணி நேரத்தில் இருந்த கிழக்கு மலேசிய மாநிலங்களான சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வர முடிவெடுத்தது. ஒரு பாலம் தாண்டினால் நேரம் மாறுவது வணிகத்துக்கும் பயணத்துக்கும் தொல்லை என்பதால் சிங்கப்பூரும் கூடவே மாறியது. அதைப் படித்ததும் என் மனசு என்ன செய்தது தெரியுமா? "ஹாங்காங் விஷயத்துல அவர் தப்புதானே, அதப் போட்டுச் சமாளிச்சிடலாம்" என்று பார்த்தது. ஒரு செய்தியைத் தட்டச்சும் செய்துவிட்டேன். அனுப்பவில்லை. தகராறு நேரம் மாறியதா இல்லையா என்பதுதான், ஏன் மாறியது என்பது அல்ல. முதன்மைக் கேள்வியில் தோற்றவர் பக்கக் கேள்வியில் ஒரு ஓட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்குவது எல்லா வாக்குவாதங்களிலும் நடக்கிறது. முதலிலேயே அந்த ஒரு வரியை எழுதி வைப்பது இதற்கும் உதவும்: அந்த வரிக்கு வெளியே உள்ளது எதுவும் வெற்றி தோல்வியில் சேராது.

ஞாபகங்களை எப்படி எடைபோடுவது என்பதையும் இதில்தான் தெரிந்துகொண்டேன். மனிதர்களுக்கு ஆண்டும் எண்ணும் காரணமும் மாறிப்போகும். கையால் செய்த காரியம் அவ்வளவு எளிதில் மாறாது. அண்ணன் "80லயோ 81லயோ" என்று இழுத்தார், காரணத்தைத் தப்பாகச் சொன்னார். ஆனால் கப்பலில் கடிகாரத்தின் திருகை இழுத்து இரண்டு சுற்றுப் பின்னால் வைத்தது அவர் கையால் செய்தது. அதில் அவர் தடுமாறவே இல்லை. ஒருவர் அப்படிச் செயலைச் சொல்லி உறுதியாகப் பேசினால், சிரிப்பதற்கு முன்னால் ஒரு இரவு தேடிப் பார்க்கலாம். சரிபார்க்கும்போது ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஆதாரங்களாவது வேண்டும். நாலு இணையதளங்கள் ஒரே வாக்கியத்தை நகலெடுத்துப் போட்டிருந்தால் அது ஒரே ஆதாரம்தான். எனக்கு அந்த வாரத்து நாளிதழ் ஒன்று. கணினிகள் பயன்படுத்துகிற நேர மண்டலத் தரவுத்தளம் இன்னொன்று. அதில் ஆசியா/சிங்கப்பூர் என்ற பதிவில் நான் மேலே சொன்ன மாற்றங்கள் எல்லாம் தேதியோடு இருக்கின்றன. பைத்தான் என்ற கணினி நிரல்மொழி தெரிந்த பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால், 1981 டிசம்பர் 30க்கும் 1982 ஜனவரி 2க்கும் சிங்கப்பூர் நேரத்தைக் கேட்கச் சொல்லுங்கள். ஒன்று ஏழரை என்று வரும், மற்றது எட்டு என்று வரும். வாட்ஸ்அப்பில் வலம் வருகிற வரலாற்றுத் துணுக்குகளை மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குழுவில் எழுதினேன். மன்னிப்புக் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது, அதையும் தப்பாகத்தான் தொடங்கினேன். முதலில் அவருக்குத் தனியாக அனுப்பலாம் என்று நினைத்தேன். 23 பேர் முன்னால் சிரித்துவிட்டுத் தனி அறையில் மன்னிப்புக் கேட்பது நியாயம் இல்லை. எந்த இடத்தில் கிண்டல் செய்தோமோ அதே இடத்தில், அதே ஆட்கள் பார்க்க, தோற்றதைச் சொல்ல வேண்டும். செய்தி சின்னதாக இருக்க வேண்டும். சிரிப்புப் பொம்மைகள் போடக்கூடாது. "ஆனால்" என்ற சொல் வரக்கூடாது. நான் எழுதியது இவ்வளவுதான்: "1981 டிசம்பர் 31 இரவு சிங்கப்பூர் நேரம் அரை மணி நேரம் முன்னால் மாற்றப்பட்டது. அதற்கு முன் இந்தியாவோடு இரண்டு மணி நேர வித்தியாசம். அண்ணன் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். இனி யாரும் அப்படிக் கூப்பிட வேண்டாம், ஸ்டிக்கரையும் அழித்துவிடுங்கள்." கூடவே நாளிதழ்ப் பக்கத்தின் படம். அதன் பிறகுதான் தனியாகப் போன் பண்ணினேன். அவர் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பதினொரு பொட்டலம் மட்டன் பிரியாணி, ஒன்று 8.50 வெள்ளி. குடிக்க ஒன்றரை வெள்ளிக்கு ஆளுக்கு ஒன்று. மொத்தம் 110. எல்லாரும் சாப்பிட்டார்கள். அண்ணன் தன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார், "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றார். எனக்கு அந்தச் சாப்பாடு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டால் அன்றே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி ஆகாது. அவர் மறுபடியும் டீக்கு வர இன்னும் மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவரைப் போய் நச்சரிக்காமல் இருந்தது ஒன்றுதான் நான் உருப்படியாகச் செய்தது. வேலை விஷயமாகப் போய்க் கேட்பேன், அவர் எழுதியதைப் படித்துவிட்டு அதைப் பற்றியே பேசுவேன், வந்துவிடுவேன். "இன்னும் கோபமாண்ணே" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், நம்மைத் தேற்றுகிற வேலையையும் அவர் தலையில் கட்டுகிறோம் என்றுதான் அர்த்தம்.

அவர் திரும்பி வந்த நாளில் முதலில் பேசியது கப்பலைப் பற்றி. அப்போது அவருக்குப் பதினைந்து வயது, அப்பாவோடு போனாராம். கடிகாரம் அப்பாவுடையது. திருகை இழுத்து முள்ளைத் திருப்பச் சொல்லி இவர் கையில் கொடுத்தாராம். அப்பா தொட விட்ட முதல் கடிகாரம் அதுதான். நான் சிரித்தது எதைப் பார்த்து என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கடிகாரம் இன்னும் அவர் வீட்டில் இருக்கிறதாம், ஓடவில்லை.

இப்போது எங்கள் ஓய்வறைப் பலகையில் ஒரு மூலையை இதற்கென்றே விட்டிருக்கிறோம். தகராறு வந்தால் அங்கே ஒரு வரியில் கேள்வி, எதை ஆதாரமாக ஏற்றுக்கொள்வோம் என்று ஒரு வரி, கெடு வெள்ளி மாலை, பந்தயம் ஒரு தே. குழுவில் போடுவதில்லை. இந்த வாரக் கேள்வியை எழுதியவர் அண்ணன்தான்: "ஜகார்த்தா நமக்குக் கிழக்கா மேற்கா?" நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிற ஊர் மேற்கில்தானே இருக்க வேண்டும் என்று ஆறு பேர் மேற்கு என்று எழுதியிருக்கிறார்கள். நான் நிலப்படத்தைப் பார்த்தேன். ஜகார்த்தா 106.8 பாகையில், நமக்கு மூன்று பாகை கிழக்கே இருக்கிறது. வெள்ளி மாலை வரைக்கும் யாரிடமும் சொல்லப் போவதில்லை.